வாரத்துக்கு விட்ட கோழி

பிப்ரவரி 2, ஞாயிறு

இல்லை, முட்டைக்காக மட்டும் இல்லை. கறிக்காகவும்தான். சிறுவிடை இரண்டுக்குமான இனம். முட்டைக்கு ஒன்று, கறிக்கு ஒன்று என்று பிரிப்பது பண்ணைக்காரர்களின் வழக்கம். இது வீட்டுக் கோழி. பத்துப் பன்னிரண்டு முட்டை இடும். அடைக்கு உட்காரும். பொரிக்கும். குஞ்சைத் தானே வளர்க்கும். சேவல் குஞ்சுகள் வளர்ந்ததும் குழம்புக்குப் போகும். இதில் மறைக்க ஒன்றும் இல்லை.

அம்மாவிடம் இப்படிக் கோவையாகச் சொல்ல வரவில்லை. ஓசூரில் அண்ணன் வீட்டிலிருந்து கூப்பிட்டாள். முட்டைக்குக் கோழி வளர்க்கவா மூன்று வருடம் ஆராய்ச்சி செய்தாய் என்றாள். கோழி சத்தம் கேட்கிறது, பிறகு பேசுகிறேன் என்று வைத்துவிட்டேன்.

கறிக்கு என்று சொன்னேனே தவிர, இதுவரை நான் ஒன்றையும் அறுத்ததில்லை. பக்கத்து வீட்டு வர்ணக்கா அறுத்துத் தருவாள். பஞ்சவர்ணம் என்பது முழுப்பெயர். "நீ கத்தியப் புடிச்சா கத்திக்கே வெக்கமாப் போயிரும் பாப்பா, அங்கிட்டுப் போ" என்பாள். நான் உள்ளே போய் வெங்காயம் உரிப்பேன்.

இன்று சந்தையில் ஒரு சேவல் வாங்கினேன். என் எட்டுப் பெட்டைகளும் ஒரே வழியில் வந்தவை. ரத்தம் மாற வேண்டும். கருஞ்சிவப்பு, மஞ்சள் கால். விற்றவன் காலில் நீல நைலான் கயிறு கட்டியிருந்தான். முடிச்சு அவிழவில்லை. நுனியை மட்டும் வெட்டிவிட்டேன்.

வர்ணக்கா சுவருக்கு மேலாக எட்டிப் பார்த்தாள்.

"மாப்பிள்ள ஜோராத்தான் இருக்காரு. கொலுசெல்லாம் போட்டுல்ல வந்துருக்காரு."

பிப்ரவரி 4, செவ்வாய்

காலையில் ஆட்டோவில் மைக் கட்டிக்கொண்டு போனார்கள். சமுதாயக் கூடத்தில் கோழிக் கழிச்சலுக்குத் தடுப்பூசி, இலவசம்.

வர்ணக்கா கூடையோடு வந்தாள்.

"ஊசிக்காரங்க வந்துருக்காங்களாம். ரெண்டு வீட்டுக் கோழியவும் அமுக்கிட்டுப் போயிருவமா?"

"நாட்டு இனத்துக்கு எதுக்குக்கா ஊசி? அதெல்லாம் பண்ணைக் கோழிக்கு. இதுக்குத் தன்னாலேயே எதிர்ப்பு இருக்கு."

"புஸ்தகத்துல போட்டுருக்கா?"

"போட்டிருக்கு."

"அப்பச் சரி. கூடையில அமுக்குனா எல்லாம் பேண்டுதான் வைக்கும். அந்த வேல மிச்சம்."

எந்தப் புத்தகம் என்று பிறகு யோசித்தேன். நினைவு வரவில்லை. எங்கேயோ படித்த மாதிரி இருக்கிறது. படித்த மாதிரி இருப்பது எனக்குப் போதுமாக இருந்திருக்கிறது.

பிப்ரவரி 5, புதன்

பிழை திருத்த வந்த பக்கங்களில் நாற்பது முடித்தேன். பத்தாம் வகுப்பு வழிகாட்டி நூல். புதுச் சேவல் இரை எடுக்கவில்லை. பயணக் களைப்பு.

பிப்ரவரி 6, வியாழன்

கூண்டைக் கழுவினேன். மாலையில் மறுபடி கழுவினேன்.

பிப்ரவரி 7, வெள்ளி

சேவலைக் காணவில்லை. கீரியாக இருக்கும். வர்ணக்காவிடமும் அப்படியே சொன்னேன். மண்வெட்டிப் பிடி ஆடுகிறது, ஆப்பு வைக்க வேண்டும்.

பிப்ரவரி 8, சனி

சாம்பல் பெட்டை மூன்று நாளாக அடைக்குக் கேறிக்கொண்டிருந்தது. உடம்பைப் புசுபுசுவென்று வைத்துக்கொண்டு வெறும் மண்ணில் உட்கார்ந்தது. அதை வர்ணக்காவுக்கு வாரத்துக்கு விடுவதாகப் பொங்கலுக்கு முன்பே பேச்சு. கோழியும் முட்டையும் என்னுடையவை, பாடு அவளுடையது, குஞ்சுகளில் ஆளுக்குப் பாதி. ஊரில் ஆட்டுக்கும் மாட்டுக்கும் உள்ள வழக்கம்தான்.

இன்று நாள் நன்றாக இருக்கிறது என்று அவளே வந்தாள். இன்னும் ஒரு வாரம் போகட்டும் என்று சொல்லியிருக்கலாம். அடைக்கோழி காத்திருக்காது. அதனால் சொல்லவில்லை.

அகலக் கூடையில் மணல் பரப்பினாள். மணலுக்குள் ஓர் ஆணி, ஒரு துண்டு அடுப்புக்கரி, இரண்டு காய்ந்த மிளகாய். இடி இடித்தால் கரு கலங்கிவிடுமாம்.

"இந்த மாசத்துல எங்கக்கா இடி?"

"இடி ஒன்னையக் கேட்டுட்டா வரும்?"

பதினொரு முட்டை. ஒவ்வொன்றாக நெற்றிக்கு நேரே உயர்த்தி, வாய்க்குள் எதையோ சொல்லி வைத்தாள். சாம்பல் பெட்டையை மேலே விட்டதும் அலகால் முட்டைகளைத் திருப்பி வயிற்றுக்கு அடியில் இழுத்துக்கொண்டது.

அவள் வீட்டு முற்றத்தில் கருப்பசாமிக்கு நேர்ந்து விட்ட சேவல் நின்றது. காலில் மஞ்சள் துணி. அதை அடிக்கக் கூடாது, விரட்டக் கூடாது. சோற்றுப் பானையில் வாயை வைத்தாலும் "சாமி, அங்கிட்டுப் போ" என்றுதான் சொல்ல வேண்டும். அவள் மகள் கௌசல்யாவின் பிரசவம் நல்லபடி முடிந்தால் அதைக் கோயிலில் கொடுப்பதாக வேண்டுதல். கௌசிக்கு முதல் கரு ஐந்தாம் மாதத்தில் போய்விட்டது. இது இரண்டாவது. இருபத்துமூன்றாம் தேதி பல்லடத்தில் மாமியார் வீட்டில் வளைகாப்பு. அன்றே வர்ணக்கா அவளை அழைத்துவந்துவிடுவாள். அறைக்குச் சுண்ணாம்பு அடித்து வைத்திருக்கிறாள். கணவர் இறந்து ஆறு வருடம். இந்த ஒரு மகள்தான்.

"அவ வந்து ஒரு வாரத்துல குஞ்சு பொரிச்சிரும். பேரனுக்கு வெளாட்டுக் காட்ட ஆச்சு" என்றாள்.

"பேத்தின்னா?"

"பேத்தின்னா அதுவே புடிச்சு வெளாண்டுக்கும்."

பிப்ரவரி 11, செவ்வாய்

இரண்டு பெட்டைகள் தும்முகின்றன. பனி.

பிப்ரவரி 13, வியாழன்

பனி இல்லை.

ஏழில் மூன்று கண்ணை மூடிக்கொண்டு நிற்கின்றன. இறக்கை தொங்குகிறது. எச்சம் பச்சையும் வெள்ளையுமாக. சின்ன வெங்காயம், சீரகம், மிளகு, கீழாநெல்லி அரைத்து உருட்டி ஒவ்வொன்றின் வாயிலும் போட்டேன். அரைக்கும்போது மிளகு கையில் காந்தியது. நல்லதென்று பட்டது.

பிப்ரவரி 14, வெள்ளி

கறுப்பு, பொட்டு, கொண்டைச்சி. மூன்றும். காலையில் விறைத்துக் கிடந்தன.

வர்ணக்கா சுவருக்கு அந்தப் பக்கமிருந்து, "பாப்பா, அடைக்கோழி எரையெடுக்க எறங்க மாட்டேங்குதே" என்றாள்.

பிப்ரவரி 16, ஞாயிறு

சாம்பல் பெட்டை முட்டைகளின் மேல் உட்கார்ந்தபடியே செத்திருந்தது. தொடும்வரை தெரியவில்லை என்றாள் வர்ணக்கா. அடியில் முட்டைகள் இன்னும் சூடாக இருந்தனவாம்.

என்னுடையவற்றில் மிச்சம் செம்பி மட்டும். கழுத்து ஒரு பக்கமாகத் திருகிக்கொண்டிருக்கிறது. வானத்தைப் பார்த்தபடி வட்டமாக நடக்கிறது. ஆனால் தின்கிறது.

பிப்ரவரி 17, திங்கள்

நேர்ந்து விட்ட சேவல் செத்துவிட்டது.

அவளுடைய ஆறு பெட்டைகளும் முந்தின நாளே. அதற்கெல்லாம் அவள் அழவில்லை. திட்டினாள். இந்தச் சேவலுக்கு முன்னால் சாக்கை விரித்து உட்கார்ந்திருந்தாள். மஞ்சள் துணியை அவிழ்த்து மடியில் வைத்திருந்தாள்.

"நோய்க்கா இது" என்றேன்.

"தெருவுல வேற யாரு வீட்டுக்காச்சும் வந்துச்சா? ஒனக்கும் எனக்கும் மட்டும் வந்த நோயா? ஒன் கோழிய என் வீட்டுக்குக் கொண்டாந்தேன், அதான் ஒனக்கும் சேந்து போச்சு. ஒனக்குத்தான் நான் பாவம் பண்ணிட்டேன்."

நான் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"சாமி சேவல வேணாம்னுருச்சு பாப்பா. சேவலத் தள்ளிவிட்டுட்டு வேற எதையோ கேக்குது."

வேற எது என்று நான் கேட்கவில்லை. அவள் கை அவளுடைய வயிற்றின் மேல் இருந்தது. சேலை மடிப்பைப் பிடித்திருந்தது.

பிப்ரவரி 18, செவ்வாய்

கால்நடை மருந்தகம். டாக்டர் அம்மா என் வயதுதான் இருப்பார். செருப்பை வெளியே விடச் சொன்னார், அடியில் ஒட்டிவரும் என்று.

சொன்னதைக் கேட்டு எழுதிக்கொண்டார். கழிச்சல்தான் என்றார்.

"முகாம்ல ஊசி போட்டீங்களா?"

முகாம் நடந்தது தெரியாது என்றேன்.

"தெருத் தெருவா மைக் வச்சமே. சரி, சமீபத்துல வெளியில இருந்து புதுசா கோழி ஏதாச்சும் வாங்கிச் சேத்தீங்களா?"

இல்லை என்றேன்.

அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார். பிறகு அதையும் எழுதினார்.

"பொழச்சது இருக்கா?"

"ஒண்ணு."

"வச்சுக்காதீங்க. பாக்க நல்லாயிருக்கும், இன்னும் கொஞ்ச நாளைக்கு மத்ததுக்குக் குடுத்துக்கிட்டே இருக்கும். ஆழமாத் தோண்டிப் பொதைங்க, சுண்ணாம்பு போடுங்க. மேலாகப் பொதைச்சா நாய் எடுத்துரும். யாரு வீட்டுக்காச்சும் கோழி குடுத்திருந்தா அவங்ககிட்டச் சொல்லிருங்க."

பேருந்தில் அவருடைய அந்தக் கடைசி வாக்கியம் மட்டும் கூடவே வந்தது. ஜன்னலோரம் இடம் இருந்தும் நின்றுகொண்டே வந்தேன்.

பிப்ரவரி 20, வியாழன்

வர்ணக்கா முடிவு செய்துவிட்டாள். கௌசியை அழைத்துவரப் போவதில்லை.

"இந்த வீட்டுக்குள்ள அவள ஏத்த மாட்டேன். அங்கனயே பெத்துக்கிறட்டும். கருப்பு எல்ல தாண்டாது."

"தலைப்பிரசவம் அம்மா வீட்டுலதானக்கா?"

"அம்மா வீடு இருந்தாத்தான?"

பல்லடத்தில் கௌசிக்கு இருப்பது மாடியில் ஓர் அறை. மாமியாரும் கணவனும் மில்லுக்குப் போய்விடுவார்கள். ஒரு ஷிஃப்ட் முழுக்கத் தனியாக இருப்பாள். இதெல்லாம் வர்ணக்காவே என்னிடம் சொன்னவை, அறைக்குச் சுண்ணாம்பு அடித்த அன்று.

அந்த அறைக் கதவை இன்று பூட்டி, சாவியை அரிசிப் பானையில் போட்டாள். நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

பிப்ரவரி 21, வெள்ளி

சொல்வதற்காக மூன்று முறை சுவர் வரை போனேன். முதல் முறை அவள் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். இரண்டாம் முறை இல்லை. மூன்றாம் முறை இருந்தாள், என்னைப் பார்த்தாள், "சாப்ட்டியா?" என்றாள். சாப்பிட்டேன் என்று வந்துவிட்டேன்.

ஆய்வை ஏன் விட்டேன் என்று எல்லோரும் கேட்டுச் சலித்துவிட்டார்கள். மூன்றாம் அதிகாரத்தில் ஒரு பிழை இருந்தது. அதைக் கண்டுபிடித்தது நான்தான்.

பிப்ரவரி 22, சனி

பிழை இல்லை. மில் பெண்களிடம் எடுக்க வேண்டிய கணக்கெடுப்பில் பதினாறு படிவங்களை விடுதி அறையில் உட்கார்ந்து நானே நிரப்பினேன். காலையில் என்ன சாப்பிட்டீர்கள் என்ற கேள்விக்குப் பதினாறு பெண்களுக்கும் வேறு வேறு காலையுணவு எழுதினேன். நன்றாகவே எழுதினேன். நெறியாளர் அந்தப் பக்கங்களைத்தான் பாராட்டினார். அதற்குப் பிறகு அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. சொல்லவில்லை. ஊருக்கு வந்துவிட்டேன்.

இங்கிருந்து எங்கே போவது?

எலுமிச்சை மரத்துக்கு அடியில் தெருநாய் மண்ணைத் தோண்டிக்கொண்டிருந்தது. விரட்டிவிட்டு அம்மிக்கல்லை உருட்டிக்கொண்டு போய் மேலே வைத்தேன்.

பிப்ரவரி 23, ஞாயிறு

வர்ணக்கா விடிவதற்குள் கிளம்பிப் போய் மாலை ஐந்து மணிக்குத் தனியாகத் திரும்பினாள். கையில் தூக்குவாளி. புளிசாதம், எலுமிச்சைச் சாதம், ஒரு ஓரத்தில் வாழைக்காய்.

"வளையல் போட என்னையக் கூப்புடல. நானும் போகல. தாலியறுத்தவ, பின்னாடியே நின்னுக்கிட்டேன்." அதை அவள் பெரிதாகச் சொல்லவில்லை. "பஸ் ஏறையில சேலையப் புடிச்சுக்கிட்டா. என்ன குத்தம் பண்ணேன், என்னைய ஏம்மா விட்டுட்டுப் போறேன்னு கேக்குறா. அந்த வயித்தத் தூக்கிக்கிட்டு பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வந்துட்டா பாப்பா."

மடியிலிருந்து காகிதத்தில் சுற்றிய கண்ணாடி வளையல்களை எடுத்தாள். பச்சை நான்கு, சிவப்பு நான்கு.

"ஒனக்குன்னு கேட்டு வாங்குனேன். போட்டுக்க. அடுத்து ஒனக்குத்தான்."

"எனக்கு முதல்ல கல்யாணம் ஆகணும்க்கா."

"ஆகும் ஆகும். மாப்பிள்ளையக் கீரி தூக்காமப் பாத்துக்க."

பத்து நாளில் அவள் அடித்த முதல் கேலி. வளையல்களைப் போட்டுக்கொண்டேன். பிழை திருத்தும்போது மேசையில் இடித்துச் சத்தம் போடுகின்றன.

பிப்ரவரி 24, திங்கள்

கௌசி கூப்பிட்டாள். என் எண்ணை எப்படி வைத்திருக்கிறாள் என்று தெரியவில்லை.

"சங்கவிக்கா, அம்மாவுக்கு என்ன ஆச்சு? எங்கிட்டச் சொல்ல மாட்டேங்குது. வீட்ல வசதியில்ல, வெள்ளையடிக்கலங்குது. போன மாசந்தான் அடிச்சேன்னுச்சு."

"உடம்பு எப்படி இருக்கு?"

"காலு வீங்கிக்கிட்டு வருது. தண்ணி கீழருந்து தூக்கணும்க்கா. ரெண்டு கொடம். அதுக்கு மேல அத்தையே தூக்கிருவாங்க. அம்மாகிட்ட நீங்க சொன்னாக் கேக்கும். எல்லாத்துக்கும் பாப்பா சொல்லுச்சு, பாப்பா சொல்லுச்சுன்னுதான் சொல்லும்."

சொல்கிறேன் என்றேன்.

"அந்தச் சேவலு நல்லாருக்கா? அம்மா அதுக்குச் சோறெல்லாம் ஊட்டும்னுச்சு."

பிப்ரவரி 25, செவ்வாய்

இங்கே முதலில் எழுதிப் பார்க்கிறேன். எழுத வந்தால் சொல்லவும் வரும்.

சேவலைக் கீரி தூக்கவில்லை. சந்தையிலிருந்து வந்த நான்காம் நாள் பச்சையாகக் கழிந்தது. ஐந்தாம் நாள் காலையில் செத்துக் கிடந்தது. எலுமிச்சைக்கு அடியில் புதைத்தேன். அதே கூண்டில்தான் சாம்பல் பெட்டையும் இருந்தது. மறுநாள் அதை வர்ணக்கா வீட்டுக்குக் கொடுத்தேன். என்ன நோய் என்று அன்றைக்கு எனக்குத் தெரியாது. ஏதோ நோய் என்று தெரியும். வேண்டாம் என்று சொன்னால் ஏன் என்று கேட்பாள். ஊசி வேண்டாம் என்று சொன்னவள் நான்.

மாலை

போய்ச் சொன்னேன். மேலே எழுதியதை அப்படியே, வரிசை மாறாமல். அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நான் பேசி முடிக்கும்வரை ஆய்ந்தாள்.

பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தாள். அவள் முகம் இளகிப்போயிருந்தது.

"கௌசி ஒனக்குப் போனு போட்டாளா?"

"போட்டா. ஆனா அதுக்காக இல்லக்கா."

"எனக்குத் தெரியும். நான் மனசு தேறணும்னு பழிய நீ எடுத்துக்கிற. யாரு செய்வா இப்படி? கூடப் பெறந்தவ செய்ய மாட்டா."

"இல்லக்கா. நெசமாவே நான்தான்."

"கீரி தூக்குச்சுன்னு அன்னைக்கே சொன்னேல்ல. அன்னைக்குப் பொய் சொல்ல ஒனக்கு என்ன தலவிதி? இன்னைக்குத்தான் சொல்ற, எனக்காக."

கீரைக் கையோடு என் முகத்தை வழித்துத் தன் நெற்றிப் பொட்டில் நெட்டி முறித்தாள். எல்லா விரலும் சொடுக்கின.

நான் வீட்டுக்கு வந்துவிட்டேன். சொல்லியாகிவிட்டது. சொன்னதற்கு மேல் ஒருத்தி என்ன செய்ய முடியும்?

பிப்ரவரி 26, புதன்

மதியம் கீரைக் கடைசலும் சோறும் கொடுத்து அனுப்பவில்லை, அவளே கொண்டுவந்தாள். நான் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இன்னும் கொஞ்சம் போட்டாள். சாப்பிட்டேன்.

அந்த அறை பூட்டியேதான் இருக்கிறது.

பிப்ரவரி 27, வியாழன்

இன்று அடை வைத்து இருபதாம் நாள். அடை நிலைத்திருந்தால் நாளையோ மறுநாளோ பொரிக்கும்.

காலை ஏழு மணிக்கு வர்ணக்காவைக் கூப்பிட்டேன். எதுக்கு என்றாள். வாக்கா என்றேன். அம்மிக்கல்லைப் புரட்டிவிட்டு எலுமிச்சைக்கு அடியில் வெட்டினேன். ஒரு முழம்கூட இல்லை. மண்வெட்டி முதல் வெட்டிலேயே இறகைக் கொண்டுவந்தது. நாற்றத்தில் அவள் முந்தானையால் மூக்கைப் பொத்தினாள். கையில் பாலிதீன் பையை மாட்டிக்கொண்டு காலைப் பிடித்து இழுத்தேன். கால் மட்டும் வந்தது. கால் இன்னும் மஞ்சளாக இருந்தது. நீல நைலான் முடிச்சு அப்படியே இருந்தது.

அவள் அந்த முடிச்சையே பார்த்தாள். கொலுசு என்று கேலி செய்தவள் அவள்தான்.

மூக்கிலிருந்து முந்தானையை எடுத்தாள். பிறகு மெதுவாக, "அப்பக் கருப்பு இல்லையா?" என்றாள்.

"இல்லக்கா."

"சாமி கேக்கலையா?"

"சாமி ஒண்ணும் கேக்கல. நோய். நான் குடுத்த கோழியிலிருந்து வந்தது."

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்தாள். மூச்சை வாயால் விட்டாள், தலைச்சுமையை இறக்கியவள் விடுவதைப் போல. ஒரு கணம் எனக்கும் இறங்கியது. எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைத்தேன்.

"பத்து நாளு" என்றாள். குரல் உயரவில்லை. "பத்து நாளா நான் வெளக்கேத்தல. புள்ள சேலையப் புடிச்சு இழுக்க இழுக்க உருவிக்கிட்டு வந்தேன். அவ அங்க தண்ணி தூக்கிக்கிட்டுக் கெடக்கா. நீ தெனமும் வந்து எம் பக்கத்துல உக்காந்துட்டுப் போன."

"ஆமா."

"சாதம் குடுத்தேன். தின்ன."

"ஆமாக்கா."

"ஒன் கோழிக்கும் சேத்து நாந்தான் பாவம் பண்ணேன்னு சொன்னேன். கேட்டுக்கிட்டு உக்காந்திருந்த."

நான் கையிலிருந்த பாலிதீன் பையை உருவினேன்.

"ஊசி வேணாம்னியே, அது புஸ்தகத்துல போட்டுருந்துச்சா?"

"தெரியலக்கா. இல்லைன்னு நெனைக்கிறேன்."

எழுந்து சேலையைத் தட்டினாள். படலைத் திறந்து போகும்போது திரும்பாமல் சொன்னாள்: "வாரத்துக்கு விட்டா குஞ்சுல பாதின்னுதான் பேச்சு. சாவ முழுசா எம் வீட்டுல எறக்கிட்டியே."

கொஞ்ச நேரத்தில் சுவருக்கு அந்தப் பக்கம் அரிசிப் பானை உருண்டது. பூட்டு திறக்கும் சத்தம் கேட்டது.

பிப்ரவரி 28, வெள்ளி

செம்பியை வைத்திருக்கக் கூடாது. பத்து நாளாகத் தெரியும்.

அறுக்க இனி வர்ணக்காவைக் கூப்பிட முடியாது. கத்தியைத் தீட்டினேன். அவள் செய்வதைப் போல இறக்கை இரண்டையும் சேர்த்து மிதித்துக்கொண்டேன். திருகிய கழுத்தாதலால் எந்தப் பக்கம் தொண்டை என்று தேட வேண்டியிருந்தது. முதல் வெட்டு சரியாக விழவில்லை. இரண்டாவது விழுந்தது. சிவப்பு வளையலில் ஒன்று உடைந்தது.

இடுப்பளவு தோண்டினேன். மதியம் வரை ஆனது. சேவலில் மிச்சமிருந்ததையும் செம்பியையும் போட்டு, ஒரு கூடை சுண்ணாம்பு கொட்டி மூடினேன். கறிக்கும் இல்லை, முட்டைக்கும் இல்லை.

கையைக் கழுவிவிட்டு நெறியாளருக்குக் கடிதம் எழுதினேன். படிவ எண்கள் பதினாறையும் வரிசையாகக் குறித்தேன். அஞ்சலில் போட்டுவிட்டேன்.

மார்ச் 1, சனி

வர்ணக்கா பல்லடம் போயிருக்கிறாள். என்னிடம் சொல்லவில்லை. கீரைக்காரி சொன்னாள். "ரெண்டு பேருக்கும் என்ன சண்ட? உசுரா இருந்தீகளே" என்றாள். "எங்கிட்ட நாலு பெட்டக் குஞ்சு இருக்கு, வேணுமா தாயி? கோழியெல்லாம் செத்துப் போச்சாமே" என்றும் கேட்டாள்.

வேண்டாம் என்றேன். ஏன் என்று கேட்டாள். சொன்னேன். முழுவதும். கூடையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு வேகமாகப் போனாள். மறுபடி இந்தப் பக்கம் வருவாளா தெரியாது.

ஒவ்வொருவராகச் சொல்லிக்கொண்டிருக்க முடியாது. அண்ணன் பள்ளிக்கூடத்துச் சிலேட்டுப் பலகை பரணில் இருந்தது. துடைத்து எழுதினேன்.

இந்த வீட்டில் கோழிக் கழிச்சல் இருந்தது. பக்கத்து வீட்டுக்கும் என் கோழியிலிருந்துதான் போனது. மூன்று மாதத்துக்கு இங்கே கோழி கொண்டுவர வேண்டாம், வாங்க வேண்டாம். ஊசி போடுங்கள். சங்கவி.

கம்பியால் படலில் கட்டினேன்.

மார்ச் 2, ஞாயிறு

பதினொரு மணிக்கு ஆட்டோ. முதலில் வர்ணக்கா இறங்கினாள். இரண்டு பைகள், ஒரு பாய், ஒரு குடம். குடம் எதற்கு என்று தெரியவில்லை. பிறகு கௌசியின் கையைப் பிடித்து இறக்கினாள். இரண்டு கையிலும் முழங்கை வரை வளையல். கால் உண்மையாகவே வீங்கியிருந்தது.

நான் வாசலில் நின்றுகொண்டிருந்தேன். கௌசி என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு, "சங்கவிக்கா" என்று படலை நோக்கி வந்தாள். பலகையைப் பார்த்து நின்றாள். மெதுவாக வாய்விட்டுப் படித்தாள். பாதியில் சத்தம் நின்றுவிட்டது, உதடு மட்டும் அசைந்தது.

"எம்மா, இது என்ன?"

வர்ணக்கா என் பக்கம் பார்க்கவில்லை. பலகையைப் பார்த்தாள். அவளுக்கு எழுத்துக் கூட்டி வாசிக்க வரும், நேரமாகும். கடைசிவரை வாசித்தாள்.

"வெயில்ல நிக்காத. உள்ள வா" என்றாள்.

கௌசி என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள். உள்ளே ஒரு கதவு திறந்தது. விளக்கேற்றும் தீக்குச்சிச் சத்தம் இரண்டு முறை கேட்டது.

இரவுப் பனியில் பலகையின் மேலிரண்டு வரிகளும் மங்கியிருந்தன. கடைக்குப் போய்ச் சாக்பீஸ் வாங்கி வந்து மறுபடி எழுதினேன்.